சைக்கிள் வந்துவிட்டது, வழி எங்கே?

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு அரசாங்கம் கொடுத்தது. வந்து ஐந்து மாதமாகிறது. ஹேண்டில்பாரில் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வாரம் ஒருமுறை நான்தான் காற்றடித்து, செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைக்கிறேன். பேத்தி மினி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள். பஸ் வராத நாளில் அவள் அப்பன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறான்.

"ஏன்டா, புள்ளைக்குச் சைக்கிள் கொடுத்தது திண்ணையில நிறுத்தறதுக்கா?" என்று மகனிடம் கேட்டேன்.

"அந்த மேட்டூர் ரோட்டுல எதை நம்பி அனுப்பறதுங்கப்பா? நீங்களே சொல்லுங்க" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி. ஏன் என்று பிறகு வருகிறேன்.

இந்தச் சைக்கிள் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு என்று தொடங்கி, சில வருடங்களில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்தது. பத்தாவதோடு நின்றுபோயிருக்க வேண்டிய எத்தனையோ பெண் பிள்ளைகள் அந்தச் சைக்கிளை மிதித்துத்தான் பன்னிரண்டாவது முடித்தார்கள். என் ஆதங்கம் வேறு. சைக்கிளைக் கொடுத்தவர்கள் அதை ஓட்டுகிற வழியைப் பற்றி யோசிக்கவே இல்லை. இந்த இருபத்தைந்து வருடத்தில் சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. சைக்கிள் போகிற ரோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டே இருந்தன.

நான் 1975-ல் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்தவன். 2012-ல் ஓய்வு பெறும்போது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்றாலும், முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் முழுக்கச் சைக்கிள்தான். ஜம்பை, ஒலகடம், பூனாச்சி, குறிச்சி என்று இந்தப் பக்கத்தில் நான் டயர் தேய்க்காத ஊர் குறைவு. காக்கிப் பையில் கடிதமும் மணியார்டரும், கேரியரில் பார்சல். எனக்கு முன்னும் பின்னும் சைக்கிள்தான் போகும். ஜமக்காளத் தறிக்காரர்கள் நூல் சிட்டங்களைக் கேரியரில் மலை மாதிரி கட்டிக்கொண்டு போவார்கள். பால்காரர் ரெண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். வாத்தியாரும் சைக்கிள், வட்டிக்காரரும் சைக்கிள்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சைக்கிளுக்கே லைசென்ஸ் வில்லை வாங்க வேண்டிய காலம் அது. ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். டபுள்ஸ் போனால் பிடித்து, டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார். இன்றைக்கு மேட்டூர் ரோட்டில் போகிற வேகத்தைப் பார்க்கும்போது, காற்றைப் பிடுங்கியவர்களை நினைத்துச் சிரிப்புத்தான் வருகிறது.

அந்த ரோடு இப்போது தேசிய நெடுஞ்சாலை. பெங்களூர்ப் பக்கமிருந்து கோவைக்கும் கேரளாவுக்கும் போகிற லாரிகளில் பாதி தொப்பூரில் திரும்பி, மேட்டூர், அம்மாபேட்டை வழியாகப் பவானிக்கு வந்துவிடுகின்றன. சேலத்தைச் சுற்ற வேண்டியதில்லை, டீசல் மிச்சம். லாரிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் காவிரிக்கும் கரட்டுக்கும் நடுவே, ஊர் ஊராக வளைந்து வருகிற ரோடு அது. ஒரு பக்கம் வீட்டு வாசல், இன்னொரு பக்கம் டீக்கடை. அதில் பதினாறு சக்கர லாரி வரும்போது, பதினாறு வயதுப் பிள்ளை சைக்கிளில் எங்கே ஒதுங்கும்? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஜல்லியும் மண்ணும். சைக்கிள் அதில் இறங்கினால் சறுக்கும், இறங்காவிட்டால் ஹாரன்.

இப்போது நான் மகனிடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஓய்வுக்குப் பிறகும் சைக்கிளை விடவில்லை. தினமும் காலையில் காய் வாங்க, பேப்பர் வாங்க எல்லாம் சைக்கிள்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், விடியற்காலை ஆறரை மணிக்கு ஒரு டிப்பர் உரசிவிட்டுப் போனது. நிற்கவில்லை. இடுப்பு எலும்பு உடைந்து, கம்பி வைத்து, எட்டு மாதம் படுக்கை. இன்றைக்குக் கைத்தடியோடு வாசல் வரை வருவார். சைக்கிளை விற்றுவிட்டார்கள். "ஒரு அடி, ஒரே ஒரு அடி எனக்குன்னு விட்டிருந்தாப் போதுமுங்க" என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அவரைப் பார்க்க மாதம் ஒருமுறை போகிறவன், பேத்தியை அந்த ரோட்டில் அனுப்பு என்று மகனிடம் எந்த வாயால் சொல்வது?

ஆனால் திண்ணையில் நிற்கும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் சந்தைக்குப் போன நேரத்தில், "வா கண்ணு, ஒரு இடத்துக்குப் போகலாம்" என்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டரில் மேட்டூர் மேற்குக்கரை வாய்க்கால். அவள் புதுச் சைக்கிளில், நான் என் பழைய ஹெர்குலிஸில்.

ஆகஸ்ட் முதல் தேதி திறந்தால் டிசம்பர் நடுவில் அடைத்துவிடுகிற வாய்க்கால் அது. தண்ணீர் நின்றிருந்தது. அடியில் அங்கங்கே குட்டை, அதில் கொக்கு. கரைமேல் அந்தக் காலத்தில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து மதகு மதகாகப் பார்க்கப் போட்ட மண் பாதை. சில இடத்தில் கெட்டியாக, சில இடத்தில் புல் மூடி, ஒரு இடத்தில் சீமைக்கருவேலன் ரெண்டு பக்கமும் கைகோத்து நின்றது. எதிரே வந்தது மொத்தம் மூன்று பேர். புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், டி.வி.எஸ். 50-யில் ஒரு விவசாயி. மூன்று பேருமே நின்று, "எங்கீங்க, இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு கிலோமீட்டர் போனதும் பேத்தி திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "அப்பாரு, இங்க மிதிக்கவே வேண்டாமாட்ட இருக்குதுங்க. தானாப் போகுது."

தபால் பை சுமந்தவனுக்கு அது தெரியாதா? எங்கள் ரோடுகள் எல்லாம் மேடும் பள்ளமும். ஊராட்சிக்கோட்டை மலை ஒரு பக்கம், கரடுகள் ஒரு பக்கம், ஓடைக்கு ஓடை ரோடு இறங்கி ஏறும். வெயிலில் ஒரு மேடு ஏறி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். வாய்க்கால் கரையில் மட்டும் மேடே கிடையாது. ஏனென்றால் தண்ணீர் மேடு ஏறாது. எந்த வாய்க்காலாக இருந்தாலும் வெட்டியவர்கள் நிலத்தின் மட்டத்தைப் பார்த்து, கரட்டைச் சுற்றி, ஓடையை ஒட்டிப்போய், நூலளவு சரிவில் கொண்டுபோயிருப்பார்கள். தண்ணீருக்குச் சுகமான வழி சைக்கிளுக்கும் சுகமான வழி. தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இதற்கு நம் ஊர்க் காலிங்கராயன் வாய்க்காலைவிட நல்ல உதாரணம் வேறில்லை. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, 13-ம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால். ஈரோட்டைத் தாண்டி, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரை சுமார் 90 கிலோமீட்டர் போகிறது. பவானியிலிருந்து கொடுமுடிக்குப் பஸ்ஸில் போனால் 55 கிலோமீட்டர் சொச்சம்தான். மிச்சம் எல்லாம் வளைவு. பாம்பு ஊர்ந்து போய் வழி காட்டியது, அந்தத் தடத்திலேயே காலிங்கராயன் வெட்டினார் என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, மட்டம் பார்க்கத் தெரிந்த யாரோ ஒருவர் அந்தப் பாம்புக்குப் பின்னால் நடந்திருக்கிறார். தன் சொந்த லாபத்துக்கு வெட்டினார் என்று யாரும் சொல்லக்கூடாது என்று, அந்தத் தண்ணீரை நானும் என் வம்சமும் தொட மாட்டோம் எனச் சொல்லிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனதாகவும் சொல்வார்கள்.

இன்னொன்று, 1950-களில் பவானிசாகர் அணையோடு வந்த கீழ்பவானி வாய்க்கால். 200 கிலோமீட்டர் நீளம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். கோபி, பெருந்துறை, சென்னிமலை, அறச்சலூர்ப் பக்கமெல்லாம் கரட்டைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகும் ரோட்டில் வாய்க்கால்மேடு என்று பஸ் நிறுத்தமே இருக்கிறது. இவை தவிர கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், எங்கள் மேற்குக்கரை வாய்க்கால். எல்லாம் சேர்த்துப் பாருங்கள். நம்மைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல், மேடு பள்ளமில்லாத, லாரி வராத வழி ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு சென்ட் நிலம் எடுக்க வேண்டாம். யாருடைய தென்னையையும் வெட்ட வேண்டாம்.

இதை நான் இங்கே பிறந்து வளர்ந்தும் உணரவில்லை. உணர்ந்தது 2018-ல், பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரெண்டு மாதம் போனபோது. வேல்ஸ் மலை நாடு. ஊருக்கு ஊர் ஏற்றம். எழுபது வயதை நெருங்குகிறவன் அங்கே சைக்கிளா என்று நினைத்தேன். மருமகன் ஒரு சனிக்கிழமை பிரெக்கன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், வாடகைச் சைக்கிள் எடுத்துக் கொடுத்து, ஒரு கால்வாய்க் கரையில் இறக்கிவிட்டார்.

200 வருடத்துக்கு முன்னால் நிலக்கரி, சுண்ணாம்புக்கல், இரும்பு எல்லாம் படகில் கொண்டுபோக மலைச்சரிவில் வெட்டிய கால்வாய் அது. படகில் மோட்டார் கிடையாது. கரையில் குதிரை நடந்து, கயிறு கட்டிப் படகை இழுத்துப் போகும். இன்றைக்குப் படகு ஓடுகிற மாதிரி தண்ணீர் இருக்கிற பகுதி மட்டும் சுமார் 35 மைல். சுற்றிலும் மலை, ஆனால் அத்தனை தூரத்துக்கும் படகை ஏற்றி இறக்கும் கதவு மதகு ஆறே ஆறு. மற்றதெல்லாம் ஒரே மட்டம். நிலக்கரியும் போய்விட்டது, குதிரையும் போய்விட்டது. குதிரை நடந்த வழியை மட்டும் அவர்கள் விடவில்லை. கல்தூள் போட்டுக் கெட்டித்து, நடக்கிறவர்களுக்கும், தோதான இடங்களில் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள். பிரெக்கனிலிருந்து கார்டிஃப் கடற்கரை வரை 55 மைல் வழி ஒன்று இருக்கிறது. கொஞ்ச தூரம் இந்தக் கால்வாய்க் கரை, கொஞ்ச தூரம் மூடிப்போன பழைய ரயில் தடம், கொஞ்ச தூரம் ஆற்றங்கரை. 1804-ல் உலகின் முதல் நீராவி ரயில் எஞ்சின் இரும்பு இழுத்துப்போன அந்தப் பழைய தடத்தை ஒட்டியும் அந்த வழி போகிறது.

அங்கே என் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். வழி ரோட்டைத் தொடுகிற இடத்திலெல்லாம் ஒரு கல்லோ, ஒரு தடுப்போ வைத்திருந்தார்கள். நடக்கிறவர் போகலாம், சைக்கிள் போகலாம், கார் நுழையாது. அந்த ஒரு கல்தான் அந்த வழியைக் காப்பாற்றுகிறது. 2013-ல், நடக்கவும் சைக்கிளில் போகவும் ஏற்ற வழிகளை ஒவ்வொரு உள்ளாட்சியும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும், மேம்படுத்த வேண்டும் என்று வேல்ஸில் தனிச் சட்டமே போட்டார்கள். நமக்குச் சட்டம்கூட வேண்டாம். கல் போதும்.

கல் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் வாய்க்கால் கரையை மேம்படுத்துவது என்றால் உடனே தார் போடுவதைத்தான் நினைக்கிறார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவரும் அதைத்தான் வாக்குக் கொடுக்கிறார். தார் போட்ட கரை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். ரெண்டாவது மாதம் பால் வண்டி வந்தது. அப்புறம் நெரிசலைத் தவிர்க்கக் கார்கள் வந்தன. ஒரு வருடத்தில் மண் டிப்பர்களுக்கு அது குறுக்கு வழி ஆகிவிட்டது. எட்டடி அகலக் கரையில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் டிப்பர். ரோட்டிலாவது ஒதுங்க டீக்கடை வாசல் இருந்தது. ஆகவே தார் வேண்டாம். செம்மண் கிராவல் போட்டு, ரோலர் விட்டு, மழைத் தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கமாகச் சரிவு வைத்தால் போதும். சைக்கிளுக்கு அது தாராளம். வேகமாகப் போகிற வண்டிக்கு அது பிடிக்காது. அதுவும் நல்லதுதான்.

இந்த யோசனையோடு எங்கள் பாசன சபையில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பல வருடப் பழக்கம். முதலில் சிரித்தார். "கல்லை நட்டுட்டா எங்க டிராக்டர் எப்படீங்க போகும்? அறுத்த கரும்பத் தலையிலயா சுமக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. கரை முதலில் விவசாயிக்கு. நமக்கு அப்புறம்தான். நான் சொன்னேன், "எல்லா இடத்திலயும் கல் வேண்டாமுங்க. பாலத்துகிட்ட மட்டும், ரயில்வே கேட் மாதிரி ஒரு குறுக்குக் கம்பி. சாவி உங்ககிட்டயும் லஸ்கர்கிட்டயும் இருக்கட்டும். பக்கத்துல சைக்கிள் நுழையற அளவு சந்து."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு அவரே ஒன்றைச் சொன்னார். "டிப்பர் ஓடித்தானுங்க எங்க கரையே இத்துப்போகுது. போன வருஷம் ரெண்டு எடத்துல வெடிப்பு விட்டு, மணல் மூட்டை அடுக்கினோம். கம்பி வந்தா எங்களுக்குந்தான் நல்லது."

எனக்குத் தோன்றாதது அது. மண் கரை மனிதனையும் மாட்டையும் சைக்கிளையும் தாங்கும். இருபது டன் லோடு நாளைக்குப் பத்து நடை போனால் அமுங்கும், வெடிக்கும். தண்ணீர் முழுக்க ஓடும்போது வெடிப்பு உடைப்பாக மாறினால், கடைமடைக்காரர்கள் பாடு என்ன என்பது இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கனரக வண்டியைக் கரையிலிருந்து விலக்குவது சைக்கிள்காரன் கேட்கிற சலுகை இல்லை. அது வாய்க்காலுக்கே தேவை. நீர்வளத்துறைக்கும் விவசாயிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே கம்பியில் லாபம்.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். மகன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான். சைக்கிள் டயரில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து, "கரைக்குப் போனீங்களா?" என்றான். ரெண்டு பஞ்சரையும் பார்த்தான். பேத்தியின் பின் டயரில் ஒன்று, என்னுடையதில் ஒன்று, எல்லாம் கருவேல முள். அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்விகள் இவை.

தண்ணீர் ஓடும் காலத்தில் பிள்ளை தவறி விழுந்தால்? உண்மையான பயம். கரை ஓரமாகவே ஓட்டுகிறவர்கள் விழத்தான் செய்வார்கள். வளைவுகளிலும் மதகுகளிலும் தண்ணீர்ப் பக்கம் முழங்கால் உயரக் கல் வரிசை, அங்கங்கே இறங்கி ஏறப் படிக்கட்டு, இவை வேண்டும். அதோடு பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிய வேண்டும். ரெண்டு ஆறு கூடுகிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பது சைக்கிளுக்கு முன்னாலேயே வெட்கப்பட வேண்டிய விஷயம்.

பாம்பு, பூச்சி? புதர் இருக்கிற வரை இருக்கும். சீமைக்கருவேலனை வேரோடு எடுத்து, வெளிப்பக்கச் சரிவில் புங்கனும் வேம்பும் வைத்தால் நிழலுக்கும் ஆயிற்று. கீழ்பவானிக் கரையில் காங்கிரீட் போடுவதா வேண்டாமா என்று விவசாயிகளே ரெண்டு கட்சியாக நின்றது உங்களுக்குத் தெரியும். அதில் நான் நுழையவில்லை. கரையில் நிற்கும் மரத்தை மட்டும் எந்தக் கட்சியும் வெட்ட வேண்டாம் என்பது என் வேண்டுதல்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. "ரோட்டுல லாரி, சரி. கரையில குடிச்சிட்டு உக்காந்திருக்கறானே, அவனுக்கு என்ன பண்ணுவீங்க? பொட்டப்புள்ள தனியா எப்படிப் போவா?" அன்றைக்குக் காலையிலேயே பாலத்தடியில் உடைந்த பாட்டில்களை நானும் பார்த்தேன். பேத்தியும் பார்த்தாள். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரு பாதிப் பதில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாததால்தான் அங்கே அவன் உட்கார்கிறான். காலையும் மாலையும் பத்துப் பிள்ளைகள், நாலு பெரியவர்கள், ரெண்டு நடைப்பயிற்சிக்காரர்கள் போகிற வழியில் அவன் வேறு இடம் தேடுவான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு. ஒரு பெண் மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் கேலி பேசியே இறக்கியிருக்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள், கேலி பேசினவன் வாய் மூடினான். தனியாகப் போவது பயம் என்றால் கூட்டமாகப் போவதிலிருந்து தொடங்கலாம். கூட்டத்துக்குப் பழக்கமாகிற வரையில் என்னைப் போல வேலையில்லாத கிழவர்கள் துணைக்குப் போகலாம். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு காலை நடை என்று பஸ் ஸ்டாண்டைச் சுற்றி டீ குடிக்கிறோமே, அதற்குப் பதில் கரையில் நடக்கலாம்.

இன்னொரு கருத்தும் கேட்டேன். கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளை அழகு பண்ணி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தடம் போட்டிருக்கிறார்களே, அதுபோலப் பவானியிலும் ஒன்று கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது சுற்றி வருகிற இடம். நான் கேட்பது போய்ச் சேருகிற வழி. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும், தறிக்காரர் தறிக்கும், என் நண்பர் மாதிரி ஒருவர் காய்க் கடைக்கும் உயிரோடு போய்த் திரும்புகிற வழி. அதற்கு வண்ண விளக்கும் நீரூற்றும் வேண்டாம். செல்பி எடுக்கிற இடமும் வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். முந்நூறு கிலோமீட்டரையும் கேட்கவில்லை. காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு பத்துக் கிலோமீட்டர், எங்கள் மேற்குக்கரையில் ஒரு பத்துக் கிலோமீட்டர், பள்ளிக்கூடங்கள் பக்கத்தில் வருகிற பகுதியாகப் பார்த்து எடுங்கள். முள்ளை எடுங்கள், கிராவல் போடுங்கள், பாலத்துக்குப் பாலம் குறுக்குக் கம்பி வையுங்கள், சாவியைப் பாசன சபையிடம் கொடுங்கள். ஒரு வருடம் பாருங்கள். சைக்கிள் போகவில்லை என்றால், கரை கெட்டியானதாவது மிச்சம்.

மனு ஒன்று எழுதி, பாசன சபை நண்பரும் நானும் இன்னும் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பதில் வர நாளாகும். தபால் துறையில் இருந்தவனுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டாம். அதற்குள் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு அரிவாளும் ஒரு கடப்பாரையும் எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்து முதல் பாலம் வரை முள்ளை வெட்டி ஒதுக்கினோம். மகனும் வந்தான். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தான், ஆனால் கடப்பாரையை அவன்தான் பிடித்தான்.

இப்போது பேத்தியும் அவள் தோழிகள் ரெண்டு பேரும் சனிக்கிழமை டியூஷனுக்கு அந்தக் கரையில் சைக்கிளில் போகிறார்கள். முதல் ரெண்டு வாரம் மகன் வண்டியில் பின்னாலேயே போனான். மூன்றாவது வாரத்திலிருந்து பாலம் வரை போய்த் திரும்பிவிடுகிறான். மற்ற நாளில் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் மினி பஸ்தான். பாலத்துக்கு அப்பால் முள் அப்படியே இருக்கிறது.

உங்கள் ஊர் வாய்க்கால் கரை எப்படி இருக்கிறது? கோபி, நசியனூர், அறச்சலூர், கொடுமுடிப் பக்கத்து நண்பர்கள் ஒரு காலை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். சைக்கிள் இருந்தால் சைக்கிளிலேயே போங்கள். பஞ்சர் ஒட்டுகிற பெட்டியை மட்டும் மறக்க வேண்டாம்.